மருந்து ஊற்றாத குட்டி

டாக்டர் அருள்செல்வி காலமான செய்தி வந்தபோது என் கண் நுண்ணோக்கியில் இருந்தது. மைமூன் பீவி வீட்டு வெள்ளாடுகளின் புழுக்கையைக் கரைத்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய மருந்து ஊற்றிய பிறகு எடுத்த புழுக்கை அது. மருந்து வேலை செய்திருந்தால் குடற்புழுக்களின் முட்டைகள் அநேகமாக இல்லாமல் போயிருக்க வேண்டும். நகர்த்திய இடமெல்லாம் முட்டை இருந்தது. முடிவை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாம்பனிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார்.

"அக்கா போயிருச்சு டாக்டர். விடியக்காலம்தான். நேத்துக்கூட ஒங்ககிட்ட இருந்து போன் வந்துச்சான்னு கேட்டுச்சு."

அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது தம்பிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்டவர் போய்விட்டார், பதில் என் கையில் மிஞ்சிவிட்டது. அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவர்மீதே கோபப்பட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் அருள்செல்வி பாம்பனில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது, "கடலுக்குள்ள ஆடா மேயுது?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்களாம். நான் அபிராமத்துக்காரன். கல்லூரியில் ஒரே வகுப்பு, பிறகு பக்கத்துப் பக்கத்து மருந்தகங்களில் வேலை. கடைசிவரை ஒருவரையொருவர் 'டாக்டர்' என்றே அழைத்துக்கொண்டோம். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

செத்த எந்த உயிரையும் அறுத்துப் பார்க்காமல் புதைக்க விடமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாம்பனில் கருவாடு காயப்போடும் இடத்தில் நாட்டுக்கோழிகள் மெலிந்து மெலிந்து செத்தன. கருவாட்டு உப்புதான் காரணம் என்று ஊரே சொன்னது. அவர் ஒரு கோழியை வாங்கி எல்லோர் முன்னாலும் குடலைக் கீறினார். உள்ளே வெள்ளை வெள்ளையாய் உருண்டைப் புழுக்கள் திணித்து வைத்தாற்போல் அடைத்துக் கிடந்தன. "இதுக்கு வாயிருந்தா உப்பையும் ஒங்களையும் சேர்த்துப் பாத்துச் சிரிக்கும்" என்றார். அந்தத் தெருவில் வெகுநாள் யாரும் சேமியா பாயசம் வைக்கவில்லை என்று அவருடைய அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மைமூன் பீவியின் ஊருக்கு அவர் முதன்முதலில் போனது ஒரு மழைக்காலத்தில். அங்கே ஆண்கள் பெரும்பாலும் வளைகுடாவில் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் ஆடு வளர்த்தார்கள். மகள் கல்யாணம், வீட்டுக்குக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் ஆடுதான் முன்னால் நின்றது. அந்த மழையில் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர்கோத்துத் தொங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. கண்மாய்க் கரையில் வைத்து செத்த ஒரு கிடாயின் வயிற்றைக் கீறியபோது நானும் உடன் இருந்தேன். இரைப்பையின் உள்சுவரில் செந்நிறமாய், மயிர் கனத்தில், கூட்டம் கூட்டமாகப் புழுக்கள் நெளிந்தன.

"குடிச்சது பூராம் ஒங்க ஆட்டு ரத்தம்" என்றார் அவர். மைமூன் பீவி வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன்பிறகு பருவந்தோறும் முகாம் வைத்து ஊர் ஆடு முழுவதுக்கும் மருந்து ஊற்றினோம். நேர்ச்சைக் கிடாய்களுக்கு மட்டும் ஊற்ற விடவில்லை. அந்த ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வெளிநாட்டுக்குப் போனவரிடமிருந்து தகவல் இல்லையென்றாலும் ஒரு குட்டியை நேர்ந்துவிடுவார்கள். கழுத்தில் பச்சைத் துணி கட்டிவிட்டால் அது ஊர்ப் பிள்ளை. எந்த வீட்டுக் கழுநீரையும் குடிக்கும், எந்த மந்தையோடும் மேயும், கந்தூரி விருந்துக்கு அறுக்கும் நாள்வரை யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் நேர்ந்த உடம்பில் மருந்து ஏறக்கூடாது.

டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. ஊர் முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு இவற்றை மட்டும் புழுவோடு அலையவிடுவதா என்றார். பள்ளிவாசல் வாசலில் போய் நின்று ஜமாத் பெரியவரிடம் நேராகவே கேட்டார்.

"படைச்சவனுக்குக் குடுக்குறதை நோயோடயா குடுப்பிய?"

பெரியவர் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதானம்மா. சுகமான உசுரைத்தான் குடுக்கணும்" என்றார். அன்றே பச்சைத் துணி கட்டிய கிடாய்கள் அத்தனைக்கும் மருந்து ஊற்றினோம். மைமூன் பீவி வீட்டில் நெய்ச்சோறு. அத்தனை சந்தோஷமாக டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சில வருடங்கள் சாவே இல்லை. பிறகு மருந்து ஊற்றிய ஆடுகளுக்கே தாடை வீங்கத் தொடங்கியது. முதலில் மருந்து போலி என்று சந்தேகப்பட்டார். பிறகு அளவு குறைகிறதோ என்று வீட்டிலிருந்து கருவாட்டுத் தராசைக் கொண்டுவந்து, ஆடுகளைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்தார். ஆடுகள் கத்தின, பெண்கள் சிரித்தார்கள். எடை சரியாக இருந்தது. மருந்தும் அசல்தான்.

ஒருநாள் என் மருந்தகத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். "எந்த மருந்துக்கும் சாகாத புழு நாலு இருக்கத்தான் செய்யும் டாக்டர். மருந்து படாத ஆடு ஊருக்குள்ள இருந்தா, அது போடுற புழுக்கையில இருந்து சாதாரணப் புழுவும் மேய்ச்சக்காட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். சாகாத புழு அதோட கலந்து கலந்து நீர்த்துப்போகும். நேர்ச்சைக் கெடாதான் அந்த வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் ஊத்திவிட்டது நான். இப்ப கண்மாய்க்கரை பூராம் சாகாத புழு மட்டுந்தான்."

புத்தகத்தில் படித்தபடிதானே செய்தோம் என்று அவருக்குப் பரிந்து பேசினேன். "புத்தகமா டாக்டர் அங்கன ஆடு வளக்குது?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் செய்த தவறை இந்த அஞ்சலியில் ஏன் எழுதுகிறேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவரே அதை மறைக்கவில்லை. அதே பள்ளிவாசல் வாசலில் போய் நின்று, தான் சொன்னது தவறு என்றும், இனி இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றினால் போதும் என்றும், நேர்ச்சைக் கிடாய்களைப் பழையபடி விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை.

"அன்னைக்கு ஊத்துன்னிய. இன்னைக்கு ஊத்தாதங்கிய. நாங்க எதை நம்புறது தாயி?"

மைமூன் பீவியும் இன்னும் சிலரும் டாக்டர் சொன்னபடி நடந்தார்கள். மற்றவர்கள் பயத்தில் கடையில் வாங்கி முன்னைவிட அதிகமாக ஊற்றினார்கள். ஆட்டை இழக்க முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? கையிலிருந்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. மிஞ்சியிருந்த ஒரு வகையை மைமூன் பீவியின் ஆடுகளுக்கு ஊற்றிச் சோதிக்க முடிவு செய்தபோது டாக்டர் மதுரையில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். ஈரலில் புற்று. பார்க்கப் போன என்னிடம் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மழைக்கு முன்னாடி தெரியணும் டாக்டர். மழை விழுந்தா புல்லு மொளைக்கும். ஈரத்துல புழுக்குஞ்சு புல்லு நுனிக்கு ஏறிரும். அப்பறம் எந்த ஆட்டை எங்கன கட்டி வைக்கிறது?"

அன்று மைமூன் பீவியும் வந்திருந்தார். டாக்டரம்மா எழுந்து நடக்க வேண்டும் என்று ஒரு குட்டியை நேர்ந்துவிட்டிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அபிராமம் பக்கம் தன் நாத்தனார் வீட்டிலிருந்து வாங்கிய குட்டியாம். டாக்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்கன எப்பயாச்சும் முகாம் நடந்திருக்கா?"

"இல்லம்மா. அந்த வீட்டு ஆட்டுக்கு மருந்துன்னா என்னன்னே தெரியாது."

டாக்டர் சிரித்தார். படுக்கையில் விழுந்தபின் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "அப்ப அது வயித்துல இருக்கிறது சாகுற புழுதான். அதுக்கு ஊத்திராதிய மைமூன். நான் பொழைச்சாலும் சரி, பொழைக்காட்டியும் சரி."

பாம்பன் கல்லறைத் தோட்டத்தில் மணலைத் தோண்டத் தோண்டச் சரிந்தது. கடற்காற்றில் பாதிரியாரின் ஜெபம் பாதிதான் காதில் விழுந்தது. மைமூன் பீவி வேலிக்கு வெளியே முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றார். எல்லாம் முடிந்து நான் வெளியே வந்ததும் சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார். மருந்து கேட்கவில்லை என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மைமூன் பீவி வீட்டுக்குப் போனேன். பச்சைத் துணி கட்டிய குட்டி வாசலில் நின்றது.

"அவுக உசுருக்கு நேர்ந்தது. அவுகளே போயிட்டாக. இனி இதுக்கும் ஊத்திறலாமா டாக்டர்?"

குட்டியைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. வேண்டாம் என்றேன்.

"யாருக்கு நேர்ந்ததுன்னு கேட்டா என்ன சொல்ல?"

"டாக்டரம்மாவுக்குன்னே சொல்லுங்க."

ஒரு குட்டி ஒரு கண்மாய்க்கரையை மாற்றிவிடாது. அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரிந்திருக்கும். இந்த மழையில் எத்தனை வீட்டு வாசல் வெறுமையாகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கிளம்பும்போது முதல் தூறல் விழுந்தது. மைமூன் பீவி கயிற்றை அவிழ்த்துவிட்டார். குட்டி புழுக்கை போட்டுக்கொண்டே மந்தைக்கு முன்னால் ஓடியது.

டாக்டர், நீங்கள் கேட்டிருந்த பதில் இது. முட்டை குறையவில்லை. மழை வந்துவிட்டது. உங்கள் குட்டிக்கு நாங்கள் மருந்து ஊற்றவில்லை. போய் வாருங்கள்.