தண்ணீரில் நிற்காத ஜீப்

சுகாதார இலாகாவில் டிரைவராகச் சேர்ந்தபோது என்னிடம் கொடுத்தது ஒரு பெட்ரோல் ஜீப். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கேன்வாஸ் கூரை, கதவு கிடையாது. வாரம் மூன்று நாள் டாக்டரம்மாவையும் ஒரு நர்ஸையும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போவேன். வெயிலில் அந்த வண்டி போல ஒன்று கிடையாது. சேற்றிலும் மணலிலும் ஃபோர் வீல் லிவரைத் தள்ளிவிட்டால் ஏறி வந்துவிடும். தண்ணீரைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது. என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் நனைந்தாலும் பிளக்குக்குக் கரண்ட் போகாது. வண்டி செத்துவிடும்.

தவளக்குப்பத்தைத் தாண்டி மேற்கே பிரியும் மண்ரோட்டில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடியது. பாலம் இல்லை. மற்ற மாதங்களில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தோம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றார் டாக்டரம்மா. நடு வாய்க்காலில் என்ஜின் இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தேன். சட்டையே ஈரம். நாலு ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் அந்தப் பெண்ணைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். பிறகு மாட்டுவண்டியில் தவளக்குப்பம், அங்கிருந்து பஸ். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

அதன்பிறகு மழைக்காலம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் பையால் சுற்றினேன், கிரீஸ் பூசினேன். தண்ணீர் எப்படியும் வழி கண்டுபிடித்து உள்ளே போனது.

எண்பதுகளில் அந்த வண்டியை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு டீசல் ஜீப் கொடுத்தார்கள். பார்வைக்கு அதே முகம், அதே மட்கார்டு. உள்ளேதான் எல்லாம் மாறியிருந்தது. காலையில் ஹீட்டர் பொத்தானை அழுத்திப் பத்து எண்ணிய பிறகே சாவியைத் திருப்பவேண்டும். அப்புறம் போடும் சத்தத்தில் தெருவே எழுந்துவிடும். எங்கள் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் இந்த ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த என்ஜின் பிரெஞ்சு டிசைன் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுல பிளக்கும் இல்ல, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்ல. தீப்பொறியே வேணாம். மேல காத்து இழுக்குற வாய்க்குள்ள தண்ணி போவாத வரைக்கும் இது நிக்காதுய்யா" என்றார்.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். நம்பிக்கை வரவில்லை.

அடுத்த கார்த்திகையில் பார்க்கவேண்டி வந்தது. காலையில் கடக்கும்போது முழங்காலுக்குக் கீழே இருந்த வாய்க்கால், மேற்கே கொட்டிய மழையில் மதியத்துக்குள் பொங்கிவிட்டது. அந்நேரம் வயலில் தண்ணீர் வடிக்கப் போன ஒருவரைப் பாம்பு கடித்துவிட, எங்களிடம் தூக்கிவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கண் இமை இரண்டும் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து டவுனில்தான் இருந்தது.

பின்னால் அவரைப் படுக்கவைத்தோம். வண்டி குட்டை என்பதால் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினேன்.

"டிரைவர், முடியுமா? இல்லன்னா சொல்லிடுங்க, ஆளுங்கள வெச்சித் தூக்கிடலாம்" என்றார் டாக்டரம்மா. பழைய வண்டியிலும் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஒரு ஆளைக் குச்சியோடு முன்னால் நடக்கவிட்டேன். ஆழமான இடத்தில் அவருக்கு இடுப்பு வரை வந்தது, ஆனால் இழுப்பு இல்லை, கீழே வடியாமல் தேங்கிய தண்ணீர்.

"போயிடலாம்மா" என்றேன்.

ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை என்ஜின்மேல் வாரி அடிக்காமலிருக்க பெல்ட்டைக் கழற்றினேன். ஃபோர் வீல் போட்டு, சின்ன லிவரையும் லோவில் தள்ளி, முதல் கியரில் இறக்கினேன். தண்ணீர் தரைத்தகடு வழியாக ஏறிப் பெடல்களை மூடியது. சைலன்சர் பின்னால் குடுகுடுவென்று கொப்பளித்தது. வேகம் விட்டுப்போகக் கூடாதென்று கிளட்சைத் தொடவில்லை. நடுவில், பழைய வண்டி நின்ற அதே இடத்தில், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் டக டக என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"கண்ண மூடாத, இன்னா? என்னையே பாரு" என்று பின்னால் அவர் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முன்சக்கரம் கரையைக் கவ்வியது. வண்டியின் மூக்கு மேலே தூக்கியது. ஏறிவிட்டோம். பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது நர்ஸ் வந்து பிடித்துக்கொடுத்தார். டவுனுக்கு முந்தின நோணாங்குப்பம் பாலத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் பேன்ட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மூச்சு சீராயிடுச்சி. பொழச்சிக்குவாரு. நீங்க போயி எதனா சாப்புடுங்க" என்றார்.

எதிரே இருந்த கடையில் நாலு இட்லி தின்றேன். போதவில்லை, இன்னும் நாலு வாங்கினேன். எத்தனையோ மழைக்காலத்துக்குப் பிறகு சோறுதண்ணி ருசித்தது அன்றுதான். அழுகையும் வந்தது. கடைக்காரர் காரச் சட்னி என்று நினைத்துத் தண்ணீர் வைத்தார்.

பிறகு மூன்றாவது ஜீப் வந்தது. அதே டீசல்; நீள உடம்பு, தகரக் கூரை, நாலு பக்கமும் மூடிய கதவு. நோயாளி முழுசாகக் காலை நீட்டிப் படுக்கலாம். இரண்டு வருஷத்தில் வாய்க்கால்மேல் பாலமும் கட்டிவிட்டார்கள். ஃபோர் வீல் லிவரைத் தொடும் வேலையே இல்லாமல் போய், அது துருப்பிடித்து இறுகிவிட்டது. "இத்தினி நல்ல சாமானு வீணாப் போவுதே" என்று மெக்கானிக் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமே இல்லை.