டில்லட்சன் விற்காத குதிரை

ஹோரஸ் டில்லட்சன் சாட்டையைக் கையால் தொட்டதே இல்லை. நாச்செஸ் நகரத்தில் அவனுக்கு ஒரு வங்கி, மிசிசிப்பி ஆற்றோரம் பருத்தித் தோட்டம். தோட்டத்தில் எங்களை அடிக்கக் கங்காணி இருந்தான். வங்கியில் எங்களை அடகு வைக்கப் பேனா இருந்தது. அவன் கைகள் எப்போதும் சுத்தம். அந்த வீட்டில் அடிமையாகப் பிறந்து, அவனுக்குச் சமைத்துப் போட்டவள் நான், கெசியா.

ஒரு கோடையில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. அவன் மகன் எட்வின் படுக்கையில் விழுந்தான். பெற்றவளே அறைக்குள் வரப் பயந்தாள். என் தங்கை டார்கஸ்தான் கருப்பாக எடுத்த வாந்தியை அள்ளிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். பையன் பிழைத்தான். டில்லட்சன் கண் கலங்கச் சொன்னான்: "டார்கஸ், நீ இனி எங்க வீட்டுப் பொண்ணு. உன்னை ஒருநாளும் விக்க மாட்டேன். சத்தியம்."

அடுத்த வருடம் பருத்தி விலை சரிந்தது. வங்கி ஆட்டம் கண்டது. ஒரு காலை, டார்கஸை வாங்கிப்போக அடிமை வியாபாரி முற்றத்தில் நின்றான். டார்கஸின் இடுப்பிலிருந்து அவள் குழந்தை ஃபீபியைப் பிடுங்கி என் கையில் திணித்தார்கள். குழந்தையோடு ஓடி டில்லட்சன் முன்னால் விழுந்தேன்.

"எசமான், சத்தியம் பண்ணீங்களே!"

"எனக்கு மட்டும் வலிக்கலையா கெசியா? வங்கி கேக்குது. நான் என்ன பண்ணுவேன்?"

"வங்கியே நீங்கதானே எசமான்?"

கங்காணி என்னை அறைந்தான். டில்லட்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லாயத்தில் அவனுடைய பந்தயக் குதிரை அப்படியே நின்றது. அதை விற்க மனசு வரவில்லையாம்.

ஃபீபியை நான்தான் வளர்த்தேன். அவள் பெரியவளான பிறகு போர் வந்தது. அடிமைகளை விடுவிக்கும் வடக்கத்திச் சிப்பாய்கள் ஊருக்குள் நுழைந்த அன்று தோட்டத்து ஆட்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். டில்லட்சன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நீயுமா போற? உங்களை எல்லாம் பெத்த பிள்ளைங்க மாதிரி வெச்சிருந்தேனே!"

"பெத்த பிள்ளையை எவன் விப்பான்?"

"அப்ப என் சாப்பாட்டுக்கு?"

"அடுப்பு அங்க இருக்கு. பத்த வெச்சுக்கோ."

எசமான் என்ற சொல் அன்று என் வாயில் வரவில்லை.

நானும் ஃபீபியும் டார்கஸைத் தேடி ஆற்றோடு தெற்கே போய், ஒவ்வொரு தேவாலயமாக விசாரித்தோம். லூசியானாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் அடிமையாக உழைத்த ஒருத்தி சொன்னாள்: டார்கஸ் வந்த இரண்டாம் அறுவடையிலேயே, ஆலைக் கொதிகலன் பக்கத்தில் சுருண்டு விழுந்து செத்தாள். புதைத்த இடம்கூட யாருக்கும் தெரியவில்லை.

போரில் வடக்கை எதிர்த்து நின்றதற்கு டில்லட்சனுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்தது. பறித்த நிலத்தையும் திருப்பிக் கொடுத்தது. வயதாகி, மெத்தையில், தூக்கத்தில் செத்தான். அடக்கத்தில் பாதிரியார் அவனை இரக்கமுள்ள மனிதர் என்று பேசினாராம். அவன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.