சுரண்டிய முகம்

தூசி டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தச் சின்னக் கல்லூரியில் அவருடைய கண்ணாடி அழுக்காக இருந்து யாரும் பார்த்ததே கிடையாது.

ஆயுசில் பாதியை அங்கே வரலாறு சொல்லிக்கொடுத்துக் கழித்தவர். ஓய்வு பெற்ற புதிதில் ஏதோ ஒரு கையெழுத்துக்காகப் போனபோது, முற்றத்தில் பழைய பேப்பர் வண்டி நின்றது. அதில் விடுதி ஆல்பங்கள், நாடகப் படங்கள், பட்டம் வாங்கிய பெண்களின் குழுப் படங்கள், எல்லாம் கயிறு போட்டுக் கட்டி எடைக்குத் தயாராக இருந்தன. டீச்சர் நேராக வண்டியிடம் போனார். வண்டியில் ஏறி அந்தக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். "என்னையும் சேர்த்து எடை போடுப்பா. நானும் இந்தக் காலேஜோட பழைய சாமான்தான்" என்றார். வண்டிக்காரர் சிரித்தார், மடத்துச் சிஸ்டர்கள் சிரிக்கவில்லை. அவரைக் கீழே இறக்க வேறு வழி தெரியாமல், படங்களை வைத்துக்கொள்ளச் சிற்றாலயத்துக்குப் பின்னால் துணி இஸ்திரி போடும் பழைய அறையைத் திறந்து கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, மின்விசிறியும் கிடையாது.

அந்த அறையில்தான் அவருடைய இரண்டாவது உத்தியோகம், 'தூசி டீச்சர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். துணைக்கு டைப்பிஸ்ட் அக்கா, அவரும் ஓய்வு பெற்றவர். ஒருவர் துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவார், இன்னொருவர் மெல்லிய தூரிகையால் பூச்சி அரித்த தூளைத் தட்டுவார். ஆல்பத் தாளோடு ஒட்டிப்போன படங்களைப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை நுழைத்து அறுத்து எடுப்பார்கள். டீச்சரின் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "வீட்டுல பழசா இருக்கிறது நான் ஒருத்தன்தான். என்னையும் கொண்டு போய் நம்பர் போட்டு வச்சுடேன்" என்பார். "உங்களைப் பூச்சிகூடத் தொடாது" என்பார் டீச்சர்.

படங்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணால் பார்த்த இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பென்சில் தாளைத் தொடும். ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி. அவருடைய பெரியம்மாவே வந்து ஒரு படத்தைக் காட்டி "இது நான்தான்டி" என்று சத்தியம் பண்ணியும், இரண்டாவது ஆள் கிடைக்கிற வரைக்கும் கேள்விக்குறியோடுதான் கிடந்தார்.

எல்லாப் பெயருக்கும் சாட்சி கிடைத்து, கேள்விக்குறியே இல்லாத ஒரு படம் இருந்தது. கல்லூரியின் முதல் கணித வகுப்பு. நாற்காலிகளில் சிஸ்டர்கள், பின்னால் நிற்கும் பெண்கள், நடு நாற்காலியில் முகமே இல்லாத ஒரு சிஸ்டர். முக்காடு இருக்கிறது, மடியில் கோர்த்த கைகள் இருக்கின்றன, முகம் இருந்த இடத்தில் பிளேடால் சுரண்டிய வெள்ளைத் தழும்பு. துறவற வார்த்தைப்பாட்டை விட்டு, சபையை விட்டு வெளியே போனவர்களை அந்த மடத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான் வழியனுப்பினார்கள். செத்துப் போனவர்களுக்குப் பூசை வைத்தார்கள், விட்டுப் போனவர்களுக்கு பிளேடு. ஜெபமாலை உருட்டிய அதே விரல்களால் உட்கார்ந்து பொறுமையாகச் சுரண்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

அந்த நடு நாற்காலி கணக்கு சிஸ்டருடையது. அந்த ஊரில் பெண்களுக்குக் கணிதத்தில் பட்டப்படிப்பு வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர்தான். வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச காலத்திலேயே அவருடைய அம்மா படுத்த படுக்கையானார். பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. விடுப்புக் கேட்டார். துறவிக்கு ஏது தாய் என்று சொல்லிவிட்டார்கள். முக்காட்டை மடித்து வைத்துவிட்டு அம்மாவிடம் போனார். இவ்வளவுதான் அவர் செய்த பாவம். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓடிப்போய்விட்டார், யாரோ ஒருவரோடு என்று கண் காது மூக்கு வைத்துப் பேசினார்கள். அம்மா போன பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்டினார். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிற வயது. வெளியே போன பிறகு கல்லூரி வாசலை ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

கல்லூரிக்குப் பெரிய ஆண்டு விழா வந்தது. நுழைவு மண்டபத்தில் வரலாற்றுச் சுவர் வைக்கப்போகிறோம், அந்தக் கணித வகுப்புப் படம் வேண்டும் என்று முதல்வர் சிஸ்டர் கேட்டனுப்பினார். டீச்சர் மாடி அறைக்குப் போய், கணக்கு சிஸ்டரிடம் இருந்த ஒரே ஒரு பழைய படத்தை, முக்காட்டோடு முகம் தெளிவாகத் தெரிகிற படத்தை, வாங்கிக்கொண்டு வந்தார்.

"இந்த முகத்தை அந்த இடத்துல வைங்க சிஸ்டர்."

முதல்வர் சிஸ்டர் நல்லவர்தான், இதெல்லாம் நடந்தபோது பிறக்காதவர். "விழா நேரத்துல பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும் டீச்சர்? மேலிடத்துல என்ன சொல்வாங்களோ."

"அப்ப சுரண்டினபடியே மாட்டுங்க. அதுவாவது உண்மையா இருக்கும்."

"பார்க்க நல்லாவா இருக்கும்? விடுங்க, ஏதாவது செய்றோம்."

அந்த 'ஏதாவது செய்றோம்' என்பதைச் சரி என்று எடுத்துக்கொண்டார் டீச்சர். நேராகப் போய்க் கணக்கு சிஸ்டரிடம் சொன்னார்: "உங்க முகம் சுவர்ல வரப்போகுது. விழாவுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." கிழவி நம்பவில்லை. ஆனாலும் நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார்.

விழாவன்று திரையை விலக்கினார்கள். சுவர் முழுக்கப் படங்கள். கணித வகுப்பின் நடு நாற்காலியில் ஒரு முகம் இருந்தது. உருண்டைக் கன்னம், வரிசைப் பல், பொங்கி வழியும் சிரிப்பு. அந்த மாதிரி ஒரு பெண் அந்த மடத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே இருந்ததில்லை. சுவரை அமைத்த கம்பெனிக்காரர்கள் கணினியை வைத்து ஒரு முகத்தைச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். கீழே 'கணிதத் துறை தொடங்கப்பட்டது' என்று ஒரு வரி. யார் தொடங்கினார்? தானாக முளைத்ததா?  டீச்சருக்குக் கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அதைவிடக் கொடுமை இனிமேல்தான். பழைய மாணவிகள் அந்தப் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, இந்தச் சிஸ்டர்! எப்பப் பார்த்தாலும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"இவங்க கையால நான் அடி வாங்கியிருக்கேன்டி. கன்னத்துல குழி விழும், ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன!"

இரண்டு பேர் சொன்னால் போதும் என்று சட்டம் வைத்த டீச்சருக்கு முன்னால் ஒரு கூட்டமே சாட்சி சொன்னது, பிறக்காத ஒரு பெண்ணுக்கு. டைப்பிஸ்ட் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே பென்சிலைத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்" என்றார்.

அதற்குள், டீச்சர் கூட்டி வந்து வாசலில் உட்கார வைத்திருந்த கணக்கு சிஸ்டர் தானே எழுந்து, கைத்தடியைத் தட்டித் தட்டி வந்துவிட்டார். டீச்சர் ஓடிப்போய் மறிக்கப் பார்த்தார், முடியவில்லை. கிழவி படத்துக்குப் பக்கத்தில் போய், கழுத்தை நீட்டி, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் சிரிக்கிறா" என்றார். "யாரும்மா இது?"

 டீச்சருக்கு, படங்கள் இருக்கும் அந்த இஸ்திரி அறையின் சாவியைச் சுவர் மேல் விட்டெறியலாம் போல இருந்தது.

பின்னாலிருந்து ஒரு பழைய மாணவி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? சிஸ்டர் முகம் தெரியல."

மடத்துப் பழக்கம் எத்தனை காலமானாலும் போகாது போலிருக்கிறது. சொன்ன உடனே கீழ்ப்படிந்து, "மன்னிச்சுக்கம்மா" என்று கிழவி நகரப் போனார். டீச்சர் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"நகராதீங்க சிஸ்டர்."

மண்டபமே கேட்கிற மாதிரிதான் சொன்னார். அந்தக் கட்டடத்துக்குள் அந்த அம்மாவை அப்படி யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. போனைப் பிடித்திருந்தவள் விழித்தாள். கன்னத்தில் குழி விழும் என்று சொன்னவள் கிழவியின் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே குழியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இவங்கதான் அந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க" என்றார் டீச்சர். "முகத்தைச் சுரண்டினது இந்த மடம். பொய் முகத்தை ஒட்டினதும் இந்த மடம். அம்மாவுக்குக் கஞ்சி ஊத்தப் போனதுக்கா இந்தத் தண்டனை?"

முதல்வர் சிஸ்டர் வேகமாக வந்தார். "டீச்சர், விழா நடக்குது..."

"நடக்கட்டும். யார் வேண்டாம்னது?"

டீச்சர் கிழவியைத் திருப்பி, அந்தச் சிரிக்கிற முகம் முழுசாக மறைகிற மாதிரி, சுவரை ஒட்டி நிற்க வைத்தார். கிழவி கைத்தடியை ஊன்றி நிமிர்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்மா?" என்று கேட்டார்.

"எல்லாரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் சிஸ்டர்."