மாமனார் கேட்ட வில்கோ

கல்யாணமாகி சேலையூர் வீட்டுக்குப் போன முதல் வாரமே மாமனார் எனக்கு ஒரு சட்டம் போட்டார். அவர் ஏதாவது சொன்னால் "சரி மாமா" என்று சொல்லக் கூடாது. "வில்கோ" என்றுதான் சொல்ல வேண்டும். விமானப்படையில் ரேடியோ பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் உயிரோடு இல்லை. என் கணவர் சின்ன வயதிலிருந்தே வில்கோ சொல்லிப் பழகியவர். எனக்கு அது ஏதோ வெள்ளைக்காரன் பெயர் மாதிரி இருந்தது. விளையாட்டு என்று நினைத்து நானும் சொன்னேன்.

ஒருநாள் உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் வாய்தவறி "சரி" என்றுவிட்டேன். "எங்க, ஒழுங்கா சொல்லு" என்று நிற்கவைத்துச் சொல்லவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் நான் பாடம் நடத்தும் பள்ளியில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் தேடினேன். 'வில் கம்ப்ளை' என்பதைச் சுருக்கித்தான் வில்கோ. சொன்னபடி செய்கிறேன் என்று அர்த்தம். பக்கத்திலேயே ரோஜர் என்ற இன்னொரு ரேடியோ வார்த்தையும் இருந்தது. 'ரிசீவ்டு' என்பதன் முதல் எழுத்து ஆர். அந்தக் காலத்து ரேடியோவில் ஆர் என்ற எழுத்தை ரோஜர் என்று சொல்வார்களாம். நீ சொன்னது வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். செய்வேன் என்ற வாக்கு அதில் இல்லை.

அன்று மாலையிலிருந்து நான் ரோஜருக்கு மாறினேன். மாமனார் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன்" என்றார் கணவர்.

"ஒரு வார்த்தைதானே, உங்கப்பா விட்டுடலாமே."

பல்லாவரத்தில் தனியாக இருக்கும் என் அம்மா, வெள்ளிக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டு அப்படியே என்னைப் பார்க்க வருவாள். அதுவும் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"உங்கம்மாவ இனிமே வாராவாரம் வர வேணாம்னு சொல்லிடு. இது என்ன சத்திரமா?"

"ரோஜர், மாமா."

"வில்கோ!" பேப்பரை டீப்பாயில் அறைந்தார்.

"நீங்க சொன்னது கேட்டுச்சு. செய்ய மாட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "சர்வீஸ்ல இப்படிப் பேசியிருந்தா நடக்கறதே வேற."

"நான் சர்வீஸ்ல சேரல மாமா. கல்யாணம் பண்ணிட்டு வந்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டிவியை அலறவிட்டார். "சம்பந்திக்குக் காது மந்தமாயிடுச்சா?" என்று அம்மா பாவமாகக் கேட்டாள். நான் அவளுக்குத் தோசை வார்த்தேன்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. காபி வேண்டுமென்றால் மகனிடம் சொல்வார், நான் எதிரில் நிற்கும்போதே. மகனும் எத்தனை நாள்தான் தூது போவார்? ஒருநாள் கணவரே கீழ்க்கட்டளையில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்தார். எங்கள் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மாமனார் கேட்டைப் பூட்டிவிட்டார்.

பண்டிகைக்குக் கணவர் மட்டும் போய்வருகிறார். மாமனார் என்னைப் பற்றி விசாரிப்பதில்லை. நானும் விசாரிப்பதில்லை. பல்லாவரத்திலிருந்து அம்மாவுக்கு இப்போது தூரமும் குறைவு.