காலுக்குக் கீழே கேட்ட ஜெபம்

டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரக் கூரை. போன மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒழுகியது. "கூரை வேலை செய்ற பாஸக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. ஒரு ஓட்டைக்கு எதற்கு ஆள் என்று, தார் டின்னோடு நானே ஏறினேன்.

ஓட்டையை அடைத்து நிமிர்ந்தபோது பனி இறங்கியிருந்தது. ஏணி மறைந்தது. தேயிலை மலை மறைந்தது. மேகத்தின் மேல் நடப்பதுபோல் சுகமாகத்தான் இருந்தது. ஏணிப் பக்கம் போவதாக நினைத்து மெல்ல நடந்தேன்.

காலுக்குக் கீழே மேரி அக்கா ஜெபமாலை சொல்வது கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். அவருடையது லயத்தின் கடைசி வீடு. அதற்கப்பால் கூரை இல்லை, பள்ளம்தான்.

"அக்கா, நான் ராஜு. கூரை மேல நிக்கிறேன். வழி தெரியல."

ஜெபம் நின்றது. "அசையாம உக்காருங்க தம்பி. ஏணிய இந்தப் பக்கம் கொண்டாரச் சொல்றேன்."

ஏணி வரும்வரை, எனக்குக் கேட்கும்படி சத்தமாக ஜெபத்தைத் தொடர்ந்தார்.

இப்போது கூரை வேலைக்குப் பாஸ்தான் வருகிறார். அவர் மேலே இருக்கும்போது பனி இறங்கினால் மட்டும், நான் மேரி அக்கா வீட்டுக்குள் போய்ச் சத்தமாகப் பேசத் தொடங்கிவிடுகிறேன்.