கண்மலரான ராணி ரூபாய்

நாணயம் சேர்க்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய காசு ஏதும் வந்ததா என்று கேட்க, இன்று திருத்தணி கடைத்தெருவில் வெள்ளி வேலை செய்யும் பத்தரிடம் போனேன்.

அம்மையார்குப்பத்து நெசவுக்காரப் பெண் ஒருத்தி, விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மை போட்டு எம் பொண்ணுக்குக் கண்ணு போயிடும்னாங்க. முருகன் காப்பாத்திட்டாரு. இத உருக்கி அவரு கண்ணுல சாத்த வெள்ளிக் கண்மலர் செஞ்சு குடுங்க."

எனக்குப் பதறியது. "உருக்காதீங்கம்மா. இதுக்கு ரெண்டு புது ரூபா தரேன்" என்றேன்.

அவள் பத்தரைப் பார்த்தாள்.

"யுத்தம் வந்தப்புறம் அடிச்ச புதுசுல பாதிதாம்மா வெள்ளி. மத்ததெல்லாம் கலப்பு" என்றார் அவர்.

"அப்போ வேணாங்க. அவரு முழுக் கண்ணையும் குடுத்தாரு. நான் பாதி வெள்ளியிலயா செய்யறது?"

என் முகத்தைப் பார்த்து இரங்கினாளோ என்னவோ, "உலை சூடேறிக்கினு இருக்குது. அதுவரிக்கும் கையில வச்சுப் பாருங்க" என்று கொடுத்தாள்.

ஆசை தீரப் பார்த்தேன். பிறகு நானே அதை உருக்கும் மூசையில் போட்டேன்.

உங்கள் வீட்டில் ராணி தலை ரூபாய் இருந்தால் சொல்லுங்கள். சாமிக்கு நேர்த்திக்கடன் ஏதும் பாக்கி இல்லையே என்று முதலில் வீட்டில் கேட்டுவிடுங்கள்.