ஐநூறு யூனிட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவும்

காலை ஏழு மணிக்கு மாடியில் குடியிருக்கும் மூன்று பேரில் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டே படியிறங்கி வந்து மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பான். பெயர் கதிர். சாமி சன்னதியில்கூட அவன் அத்தனை நேரம் அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

கரன்ட் பில்லைப் பங்கு போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் அடுத்தவர் எழுதியதை வெட்டினேன். இப்போது அடுத்தவர் எரித்ததைப் பிரிக்கிறேன். பெசன்ட் நகரில் கீழ்வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். மாடியில் கல்லூரிப் பையன்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டில். "மாடி கரன்ட் பில்லை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். பத்திரிகைக்காரியாக நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய சொல் அந்தக் "கொஞ்சம்".

ஒரே மீட்டரின்கீழ் நாலு பேரோடு குடியிருந்து அல்லல்பட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தனி வீட்டுப் புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுப்பார். ஐநூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் அல்ல, அதற்கு முன்னால் எரித்ததிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறிவிடும். ஆகவே மாடியில் ஐநூறு என்பது எண் அல்ல, எல்லைச்சாமி.

குளிர் யாருக்கு?

மாடியில் ஒரே ஒரு ஏசி, நடு அறையில். கோடையில் மூன்று பேரும் அங்கேதான் பாய் விரிப்பார்கள். ஒருநாள் காலையில் தண்ணீர் வராததைக் கேட்க மேலே போனேன். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் தலையோடு கால் போர்த்தி, திருப்பதிக்கு நடந்து போய் வந்தவர்கள் மாதிரி சுருண்டு கிடந்தார்கள். ஜோயல் நாகர்கோவில்காரன், அவன் போர்வைக்குமேல் குளியல் துண்டையும் போட்டிருந்தான். பல் கிடுகிடுத்தது.

"ஏம்ப்பா, இவ்வளவு குளிருதுன்னா அணைக்க வேண்டியதுதானே?" என்றேன். துண்டுக்குள்ளிருந்து ஜோயலின் குரல் மட்டும் வந்தது.

"குளிருதுன்னு மொதல்ல சொல்லுதவன்தான் எழும்பி அணைக்கணும்னு கதிர் சட்டம் போட்டிருக்கான் ஆன்ட்டி. அதான் ஒருத்தனும் வாய் தொறக்கல."

டப்பாவின் சொந்தக்காரன்

மூன்றாமவன் இர்ஃபான். ஆம்பூர்ப் பையன், அதிகம் பேசமாட்டான். குடிவந்த அன்று மற்றவர்கள் வைஃபை எப்படி, பைக் எங்கே நிறுத்துவது என்று கேட்டபோது, இவன் மட்டும் கீழே தனியாக வந்து, இங்கே கரன்ட் அடிக்கடி போகுமா என்று கேட்டான். பத்து வயதிலிருந்து அவனுக்குச் சர்க்கரை என்பதை என்னிடம் மட்டும் சொன்னான். தினமும் ஊசி. இரண்டு மாதத்துக்கான இன்சுலின் பேனாக்களை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருப்பான். அப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பேனா பையில் இருக்கும். ஊசி போட்டுக்கொள்வது குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பில் பிரிக்கும்போது கதிர் ஒரு நியாயம் பேசினான். தேனியில் அவன் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. நிறுவையில் வளர்ந்த பிள்ளை. "பிரிட்ஜுல நாங்க ஒண்ணும் வைக்கிறதில்ல ஆன்ட்டி. தண்ணி வைப்போம், அதுவும் ஜோயல்தான். பிரிட்ஜ் யாருக்கு வேணுமோ அவங்க பங்குல ஏத்திருவோம்." இர்ஃபான் மறுபேச்சுப் பேசாமல் முழுப் பிரிட்ஜையும் தன் பங்கில் ஏற்றுக்கொண்டான். அந்த டப்பாவில் அப்படி என்ன புதையல், ஆம்பூர் பிரியாணி மசாலாவா என்று மற்ற இருவரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவனும் சிரித்தான்.

அவர்கள் மாடியேறியதும், "சொல்லித் தொலையேன்டா. சொன்னா பிரிட்ஜைப் பொதுவாக்கிடுவாங்க" என்றேன்.

"அதுக்காகத்தான் ஆன்ட்டி சொல்லல. நாளைக்கு மேட்ச் ஆடக் கூப்பிடமாட்டானுங்க, உனக்கு முடியுமான்னு கேப்பானுங்க."

மீட்டர் விரதம்

ரீடிங் எடுக்க வருகிறவர் நெருங்கும் வாரத்தில் மாடியில் விரதம் தொடங்கும். செல்போன் சார்ஜ் கல்லூரியில். சட்டை இஸ்திரி தெருமுனை வண்டியில். படிப்பு நூலகத்தில். ஹீட்டர், மிக்ஸி, ஏசி மூன்றுக்கும் துறவறம். வெண்டைக்காயை வெயிலில் வைத்து வதக்க முடியுமா என்று ஜோயல் ஒருமுறை மொட்டைமாடியில் முயன்று பார்த்தான், காக்கைக்குப் பிடித்திருந்தது.

போன வருஷக் கோடை விரதத்தில் வெள்ளிக்கிழமை மாலை மீட்டர் கணக்கு 496-இல் நின்றது. ஆள் செவ்வாய் அளவில் வருவார் என்பது கதிரின் கணிப்பு. இர்ஃபான் அன்று மதியமே ஊருக்குக் கிளம்பிவிட்டான். மற்ற இருவரும் பரீட்சைக்குப் படிக்க நண்பனின் விடுதி அறைக்குப் போனார்கள். போகும்போது கதிர் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தேர்தலில் டெபாசிட்டைக் காப்பாற்றிய வேட்பாளர் மாதிரி சிரித்தான்.

"ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு, எல்லா சுவிட்சும் ஆஃப் ஆன்ட்டி. இனி மீட்டரே நெனச்சாலும் ஓட முடியாது."

சிமிட்டாத விளக்கு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வடபழனியில் உறவுக்காரக் கல்யாணத்தில் இருந்தேன். திங்கள் காலை வாசல் தெளித்துவிட்டு வந்தபோது மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கரன்ட் ஓடினால் சிமிட்டும். அதிகம் ஓடினால் வேகமாகச் சிமிட்டும். மாடியின் விளக்கு சிமிட்டவே இல்லை. பரவாயில்லையே, பையன்கள் கெட்டிக்காரர்கள் என்று துடைப்பத்தைச் சாத்தினேன். சாத்தின கை அப்படியே நின்றது. ஆளில்லாத வீட்டிலும் சிமிட்ட வேண்டிய விளக்கு அது. பிரிட்ஜுக்கு விடுமுறை கிடையாது.

படியேறிக் கதவைத் திறந்தால் அடுப்பங்கரையே அடுப்பாக இருந்தது. அக்கினி நட்சத்திரம், மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை, மூன்று நாளாகச் சாத்திய ஜன்னல். பிரிட்ஜின் உள்ளே வெதுவெதுப்பு. டப்பா கையில் சுட்டது. சூட்டில் இன்சுலின் கெட்டிருந்தாலும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதாம். எனக்குத் தெரிந்த டாக்டரைக் கேட்டேன், அதை நம்பிப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள் என்றார். இர்ஃபானைக் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தான். பையில் இருக்கும் பேனாவில் காலை ஊசியோடு மருந்து தீர்ந்துவிட்டது, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாக வேண்டும், டப்பாவை நம்பித்தான் வருகிறேன் என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். ரயில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னான்:

"அவனுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி. திட்டாம சொல்லுங்க. தெரிஞ்சா செஞ்சிருக்கமாட்டானுங்க."

மீன் பெட்டி

கதிருக்குப் போன் போட்டேன். "பிரிட்ஜை ஏன்டா அணைச்சே?" "உள்ள ஒண்ணுமில்லையே ஆன்ட்டி, அந்த டப்பா ஒண்ணுதான்" என்றான். "அந்த டப்பாதான்டா அவன் உயிர். அவனுக்குச் சர்க்கரை, உள்ளே இருந்தது இன்சுலின்." அதற்கு மேல் விளக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் இருவரும் பைக்கில் வந்து நின்றார்கள். கதிர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே மாடிக்கு ஓடி பிரிட்ஜைப் போட்டான். பிறகு டப்பாவிலிருந்த மருந்துச் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போன் செய்தான். அடையாறில் அந்த வகை இல்லை. மயிலாப்பூரில் நாளைக்கு என்றார்கள். தி.நகரில் ஒரு கடையில் இருந்தது. ஆனால் இந்த வெயிலில் சும்மா கையில் தரமாட்டோம், ஐஸ் பெட்டி கொண்டு வாருங்கள் என்றார்கள்.

எங்கள் தெருமுனையில் ஊரூர்க் குப்பத்துச் செல்வி மீன் விற்பாள். ஜோயல் அவளிடம் ஓடினான். என்ன ஏது என்று முழுக்கக் கேட்பதற்குள் செல்வி சின்ன தெர்மோகோல் பெட்டியிலிருந்த சங்கரா மீனை எடுத்துப் பலகையில் போட்டாள். பெட்டியை இரண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவி, புது ஐஸைக் கொட்டினாள். மருந்து ஐஸில் படக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் ஜோயல் தன் குளியல் துண்டை எடுத்துக்கொண்டான். பெட்டிக்கு ஏதாவது தருகிறேன் என்று கைப்பையில் கைவிட்டேன். செல்வி முறைத்தாள்.

"இன்னாம்மா நீ, புள்ளைக்கு மருந்துன்ற, பையில கைய வுட்டுக்கினு கீற? நீ போ நைனா, சிக்னல்ல பாத்துப் போ."

வாசலில் வரவேற்பு

இர்ஃபான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மதியம் ஆகியிருந்தது. பசியில் தளர்ந்திருந்தான். ஜோயல் அதற்குச் சற்று முன்தான் வந்து சேர்ந்து, வாசலிலேயே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதிர் அவன் பையை வாங்கிக்கொண்டான். இர்ஃபான் முதல்முறையாகக் குளியலறைக்குப் போகாமல் என் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி, எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். நான் சாம்பார் சாதம் எடுத்து வந்தேன்.

கதிர் தலை நிமிரவே இல்லை. அவனை நிமிர்த்தும் பொறுப்பும் கடைசியில் இர்ஃபானுக்கே வந்தது. துண்டை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஏன் மச்சி, ஒரே சங்கரா வாசன. போட்ட எடத்துல முள்ளு கிள்ளு மொளைக்காதே?"

எல்லை தாண்டியது

அன்று மாலை ஏசியைப் போட்டவன் கதிர். யாரும் கேட்கவில்லை. அலைந்தவர்களுக்குத் தூக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவனே போட்டான். மறுநாள் காலை, அவன் கணித்தபடியே ரீடிங் எடுப்பவர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மீட்டரை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். 503.

"இன்னா மேடம், மூணே மூணு யூனிட்டு! நேத்து ஒருநாள் ஃபேனை ஆஃப் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாமே" என்றார். நான் கதிரைப் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்குக் காய்ச்சல் வரும்.

"பரவால்ல சார். பிரிட்ஜ் ஓடணும்ல."

புதிய பங்கு

அந்த முறை பில் பிரிக்க உட்கார்ந்தபோது பிரிட்ஜ் பொதுக் கணக்குக்கு வந்திருந்தது. இர்ஃபான் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்காக ஓடுவதை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று சண்டைக்கு நின்றான். பிரிட்ஜ் சுவிட்சின்மேல் அதற்குள் செலோடேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியாகிவிட்டது, யாரும் கைதவறிக்கூட அணைக்க முடியாதபடி. கதிரின் கைவேலை. ஞாயிறு மேட்சுக்கு இர்ஃபானைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. முதல் ஓவரே அவனுக்குக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இருபது ரன் கொடுத்தானாம், அதற்கும் திட்டினார்களாம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பங்குச் சண்டையை ஜோயல் தீர்த்து வைத்தான்.

"லேய், நீ வைக்கியது ஒரு டப்பா. நான் வைக்கியது நாலு பாட்டில் தண்ணி. நியாயம் பாத்தா ஒனக்கு நான்தாம்ல தரணும்."

கீழ்வீட்டுக் கணக்கு

மழைக்காலத்தில் ஒருநாள் என் வீட்டு லைன் மட்டும் போய்விட்டது. சரிசெய்ய ஆள் அடுத்த நாள்தான் வருவார். சொல்லாமலே மாடியிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி வந்தது. என் மின்விசிறி சுற்றியது. என் தோசைமாவுக்கு அவர்கள் பிரிட்ஜில், டப்பாவுக்குப் பக்கத்தில், இடம் கிடைத்தது. பத்திரிகை வேலையில் நன்றி என்ற சொல்லை நான் வாசகர் கடிதங்களில்தான் பார்த்திருக்கிறேன். அதையும் இடமில்லை என்றால் வெட்டுவோம். அன்று அதை முழுதாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு யூனிட் ஆயிற்று, என் பங்கைப் போடு என்று கதிரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு நூறு யூனிட் ஃப்ரீ ஆன்ட்டி. கவர்மென்ட்டே குடுக்குது, நாங்க குடுக்கமாட்டமா?"

இத்தனை நாள் பங்கு போட்டதில் நான் கண்டது, சேர்ந்து இருப்பவர்களுக்குள் எதையும் சரிசமமாகப் பிரித்துவிடலாம், ஐநூறைத் தாண்டிய அந்த மூன்று யூனிட்டைத் தவிர. அந்தச் செலவை மட்டும் ஒவ்வொருவனும் முழுதாகத் தன் பங்கிலேயே ஏற்றச் சொன்னான்.

இந்த வருஷம் சித்திரை மாதக் கடைசியில் இர்ஃபான் படிப்பு முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தான். பிரிட்ஜ் சுவிட்சின்மேல் இருக்கும் செலோடேப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை.